கன்னத்து உருண்டை

மோப்பவாசல் அலறியது.

வெண்பாதம் காலணி ஆலையின் வெளிவாசலில் வரிசையாக நின்ற பெண்கள் அத்தனை பேரும் தங்கள் கைப்பைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பழக்கதோஷம். பையில் எதையாவது ஒளித்துக்கொண்டு அந்த வாசலைத் தாண்டப் பார்த்ததெல்லாம் போன வருஷத்துக் கதை. பை, ரவிக்கை, கூந்தல், செருப்பு என்று எங்கே வைத்தாலும் மோப்பவாசல் கண்டுபிடித்துவிடும் என்பது எப்போதோ எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதன் பிறகு இன்றுவரை அது அலறியதே இல்லை.

வாசல் சட்டத்தின் நடுவே அமுலு நின்றிருந்தாள். தலைக்கு மேல் சிவப்பு விளக்கு சுழன்றது. அவளுடைய இடது கன்னம் கொஞ்சம் புடைத்திருந்தது.

காவலுக்கு இருந்த சகாயம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள்.

"வாயத் தொற."

அமுலு கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"பல்லு வலியா?"

ஆமாம் என்று மறுபடியும் தலையாட்டினாள்.

"இந்த லைன்ல இருக்கிற எல்லாருக்கும் ஒரே பக்கம் பல்லு வலி" என்றாள் சகாயம். "இதப் பாரு அமுலு. வாசலுக்குப் புதுசா ஒரு மூக்கு மாட்டிட்டுப் போயிருக்காங்க. முழுங்கினவ மூச்சுக்கு ஒரு வாசனையாம், வாயில வெச்சிகினு இருக்கிறவ மூச்சுக்கு வேற வாசனையாம். பிரிச்சி சொல்லிடுது. உங்கூட எனக்கு சண்ட வேணாம். முழுங்கிட்டுப் போ."

பின்னால் நின்ற வரிசையில் கடக் கடக்கென்று சத்தம் கேட்டது. பெண்கள் எல்லோரும் அவசர அவசரமாக மென்றுகொண்டிருந்தார்கள். அமுலுவுக்கு அடுத்து நின்ற தில்ஷாத் மட்டும் மெல்வதை நிறுத்திவிட்டுத் திரும்பிச் சொன்னாள்:

"பாத்து மெல்லுங்கடி. பல்லு போச்சின்னா பல்லுக்கு ஒரு வாசல் வெச்சிடப் போறானுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

அமுலு கண்களை மூடிக்கொண்டாள். உருண்டையைக் கடைவாய்க்குத் தள்ளினாள். கடித்தாள். பொரிவிளங்கா உருண்டையைப் போலக் கல்லாக இருக்கும் பண்டம் அது, உடைக்கச் சிரமம். உடைந்ததும் வெல்லமும் எள்ளும் நாக்கில் பரவின. அது பொம்மியின் பங்கு. தன் மகளின் பங்கைத் தானே தின்றுகொண்டு, அதற்கு ஒரு இயந்திரத்தின் அனுமதிக்காகக் காத்திருந்தாள். விளக்கு பச்சையானது. வாசல் திறந்தது.

அந்த உருண்டைக்கு ஆலை வைத்த பெயர் 'மகளிர் நல உருண்டை'. பெண்கள் வைத்த பெயர் பூட்டு உருண்டை.

ஆலையில் தையல் பிரிவு முழுக்கப் பெண்கள். சில வருஷங்களுக்கு முன்பு, இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தபடியே மயங்கிச் சரிவது அங்கே சாதாரணமாக இருந்தது. ஒருத்திக்கு ஊசி விரலை ஊடுருவிப் போயிற்று. இன்னொருத்திக்கு நெற்றி பிளந்தது. அப்போதுதான் டாக்டர் பெனிட்டா வந்தார். நகமானி என்ற சின்னக் கருவியை ஒவ்வொரு பெண்ணின் விரலிலும் மாட்டிப் பார்த்தார். ஊசி குத்தாமல், நகத்தின் நிறத்தை வைத்தே ரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று சொல்லிவிடும் கருவி அது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றே விளக்கு. அன்று தையல் பிரிவில் எரிந்ததெல்லாம் சிவப்புதான்.

உடனே சத்துணவு தொடங்கியது. பேரீச்சம்பழம் கொடுத்தார்கள், வீட்டுக்குப் போயிற்று. முட்டை கொடுத்தார்கள், அதுவும் முந்தானை முடிச்சில் வீட்டுக்குப் போயிற்று. கடலை மிட்டாய், கேழ்வரகு லட்டு, பால் பாக்கெட் எல்லாமே பஸ் ஏறின. தெருவில் குழந்தைகள் தேறினார்கள். தையல் பிரிவில் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்தது. 'நாம் தொழிலாளிக்குச் சோறு போடுகிறோமா, ஊருக்கே போடுகிறோமா?' என்று நிர்வாகி கேட்டார்.

பதிலைக் கண்டுபிடிக்கப் பெனிட்டாவுக்குப் பல மாதங்கள் பிடித்தன. இரும்புச்சத்தை எதனாலும் கரைக்க முடியாத ஒரு மெல்லிய கூட்டுக்குள் அடைத்தார். அந்தக் கூட்டைத் திறக்க ஒரே ஒரு வகைக் கிருமியால்தான் முடியும். அதற்குச் சாவிக்கிருமி என்று பெயர். வேலைக்குச் சேரும்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு டம்ளர் சாவிநீர் கொடுப்பார்கள். வேலையை விட்டுப் போகும்போது அந்தக் கிருமியைக் கொல்ல ஒரு டம்ளர் விடைநீர். இடையில் அவள் சாப்பிடும் உருண்டை அவள் வயிற்றில் மட்டும் திறக்கும். மற்றவர்கள் சாப்பிட்டால் அது வெறும் இனிப்பு மாவு.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் யாருக்கும் பிரயோஜனம் இல்ல" என்று பெனிட்டா கூட்டம் போட்டு விளக்கினார். "நீங்க சாப்பிட்டாதான் சத்து. தயவுசெஞ்சு நீங்க சாப்பிடுங்க."

கேட்டுக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே வாசலில் பைகள் நிறைய உருண்டைகள் பிடிபட்டன. பிரயோஜனம் இல்லாவிட்டால் என்ன, குழந்தை இனிப்பைத் தின்றுவிட்டுப் போகட்டுமே. ஆனால் உருண்டை வெளியே போனால் பெண்ணின் விரலில் சிவப்பு விளக்கு எரியும். அதனால்தான் மோப்பவாசல் வந்தது. அதற்குப் பிறகுதான் கன்னம்.

உருண்டையை வேலை முடிந்து கிளம்பும்போது கையில் கொடுப்பார்கள். பாதியைக் கடித்துத் தின்றுவிட்டு மீதியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் வாசல் ஒன்றும் சொல்லாது. தின்றவள் வாயில் தின்ற வாசனை வரத்தானே செய்யும். ஆலை பஸ் அவரவர் தெருவுக்கு வந்து சேரும்வரை யாரும் வாயைத் திறக்க முடியாது. ஒரு காலத்தில் சந்தைக்கடையாக இருந்த பஸ் மௌன விரதம் பூண்டது. சத்துணவால் பெண்களின் மனம் அமைதியடைந்திருக்கிறது என்று நிர்வாகம் ஆண்டறிக்கையில் பெருமையாகப் போட்டுக்கொண்டது.

அன்று அந்த பஸ்ஸில் மறுபடியும் பேச்சு வந்தது.

"இன்னாமே, ஊமையாட்டம் ஒக்காந்துகினுகீற" என்றாள் தில்ஷாத். "இன்னிக்குத்தான் வாயி காலியா கீதே. பேசேன்."

"பொம்மி கேப்பாளேக்கா."

"கேட்டா இல்லன்னு சொல்லு. எம்பொண்ணுக்கும் அதத்தான் சொல்லணும். அந்த டாக்டரம்மாதான் இனிப்பு மாவுன்னு சொல்லிச்சே."

"அது சொல்லும்" என்றாள் அமுலு. "நான் கண்ணால பாத்தவ."

உண்மையிலேயே பார்த்தவள்தான். பொம்மிக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மண் தின்கிற பழக்கம் இருந்தது. சுவரைச் சுரண்டித் தின்பாள். அடுப்புக்கரி தின்பாள். உதடு வெளுத்து, இமை வெளுத்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கணவன் ஏகாம்பரம் லாரியில் ஊர் ஊராகப் போகிறவன். வரும்போதெல்லாம் டானிக் வாங்கி வருவான். எதுவும் பலிக்கவில்லை. அமுலு கன்னத்து உருண்டையைக் கொடுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் பொம்மி மண்ணை மறந்தாள். உதட்டில் நிறம் வந்தது. தெருக்கோடி வரை ஓடினாள்.

வெறும் மாவு இப்படிச் செய்யுமா? பூட்டாவது சாவியாவது, நம்மைத் தின்ன வைக்க டாக்டர் விட்ட கதை என்றே அமுலு தீர்மானித்திருந்தாள். பஸ்ஸில் இருந்த தாய்மார் எல்லோருமே அப்படித்தான் தீர்மானித்திருந்தார்கள்.

புது மூக்கு வந்த பிறகு உருண்டை தெருவுக்கு வரவில்லை. பொம்மி முதலில் அடம்பிடித்தாள். பிறகு அடம்பிடிப்பதை நிறுத்தினாள். அதுதான் அமுலுவைப் பயமுறுத்தியது. வேலை முடிந்து அங்கன்வாடிக்குப் போனால், எல்லோருக்கும் முன்னால் ஓடிவரும் குழந்தை மூலையில் சுருண்டு கிடந்தாள். தூக்கினால் தோளில் துணியாகச் சாய்ந்தாள். ஒருநாள் அவள் வாயை விரலால் துழாவினாள் அமுலு. உள்ளே கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி இருந்தது.

அமுலு விடவில்லை. முருங்கைக்கீரையைப் பொரித்துப் பிசைந்து ஊட்டினாள். ஆட்டு ஈரலை மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தாள். ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டியை வாங்கிச் சுட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு டானிக்கை ஒரு வேளைகூடத் தவறாமல் புகட்டினாள். குழந்தை எல்லாவற்றையும் தின்றாள். தின்னத் தின்ன வெளுத்தாள். முன்பு மண் தின்ற காலத்தில்கூட இவ்வளவு வெளுத்ததில்லை.

"நெஞ்சு ரொம்ப வேகமா அடிக்குதும்மா" என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். "இவ்வளவு மருந்து உள்ள போயும் ரத்தம் ஏறல. எனக்குப் புரியல. வேலூர் கொண்டுபோறது நல்லது. தள்ளிப் போடாதீங்க."

திரும்பி வரும் வழியில்தான் அமுலுவுக்கு ஒன்று தோன்றியது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆலைக்கு நீண்ட லீவு விடும்போது தனக்கும் இதே மாதிரிதான் இருக்கும். கால் கனக்கும், கண் இருட்டும். வேலைக்குத் திரும்பி உருண்டை தின்றதும் சரியாகிவிடும். லீவு முடிவதற்கு முன்பே பெண்கள் வேலைக்கு வரத் துடிக்கிறார்கள் என்று நிர்வாகம் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. வீட்டு வேலை அதிகம், அதனால் அலுப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பொம்மிக்கு என்ன வீட்டு வேலை?

மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆலை மருத்துவ அறைக்குப் போனாள்.

பெனிட்டா குழந்தையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் வாங்கிப் படுக்க வைத்தார். அந்தச் சின்ன விரலில் நகமானி நிற்கவில்லை. பஞ்சு சுற்றி மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"வாசலுக்குப் புது மூக்கு வெச்சதிலேர்ந்து மேடம்."

பெனிட்டா திரும்பிப் பார்த்தார். அமுலு சொல்லிவிட முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். "உருண்டைய நான்தான் எடுத்துகினு போயி குடுத்தேன். தப்புதான். வேலைய விட்டு எடுத்தாலும் எடுங்க. உருண்ட துன்ன வரைக்கும் நல்லா இருந்தா. நிறுத்தினதும் இப்டி ஆயிட்டா. தெனம் ஒண்ணு அவளுக்குன்னு குடுங்க, நான் சம்பளத்துல புடிச்சிக்கச் சொல்லி எழுதித் தரேன்."

"அந்த உருண்டை அவளுக்கு ஒண்ணும் செஞ்சிருக்காது அமுலு. சாவி இல்லாம..." என்று தொடங்கிய பெனிட்டா நிறுத்தினார். "எப்படி எடுத்துட்டுப் போனீங்க? பையில வெச்சா வாசல் விடாதே."

"வாயில."

"வாயிலன்னா?"

"கன்னத்துல அடக்கிகினு போவேன். வூட்டுக்குப் போயி எடுத்து, கழுவிட்டுக் குடுப்பேன்."

பெனிட்டா குழந்தையின் வாயோரத்தைப் பஞ்சால் தொட்டு எடுத்து, மேசை மேலிருந்த கருவியில் வைத்தார். கருவி முனகியது. திரையில் நீலமாக ஒரு கோடு ஏறியது. அமுலுவுக்கு அந்தக் கோடு தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை இவர்கள் எல்லோருக்கும் அதைப் பார்ப்பார்கள். சாவி பத்திரமாக இருக்கிறது என்பதற்கான கோடு.

"சாவிக்கிருமி வயித்துக்குள்ள மட்டும் இருக்கிறது இல்ல" என்றார் பெனிட்டா. குரல் இறங்கியிருந்தது. "வாயில ஆரம்பிச்சுக் குடல் வரைக்கும் குடியிருக்கும். நீங்க பையில எடுத்துட்டுப் போயிருந்தா இவ வெறும் இனிப்புதான் தின்னுருப்பா. வாயில வெச்சு எடுத்துட்டுப் போனதால சாவியும் சேர்ந்து போயிருக்கு. அதான் உருண்டை இவளுக்கும் திறந்திருக்கு."

"அப்ப நல்லதுதான மேடம்?"

"உருண்டை கிடைக்கிற வரைக்கும் நல்லது." பெனிட்டா நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தக் கிருமிக்கு உருண்டையோட கூடுதான் சாப்பாடு. அது கிடைக்கலன்னா, நாம சாப்பிடற மத்த சாப்பாட்டுல இருக்கிற இரும்பை அது எடுத்துக்கும். பெரியவங்களுக்குக் கொஞ்சம் சோர்வா இருக்கும், அவ்வளவுதான். இவ சின்னப் பொண்ணு. இவளுக்கு ஒண்ணுமே மிஞ்சல."

"ஈரல் குடுத்தேனே."

"அதைத்தான் தின்னு பெருகியிருக்கு."

அமுலு படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஈரல், கீரை, டானிக் என்று அவள் பிள்ளைக்கு ஊட்டிய ஒவ்வொரு வாயும் வேறெதற்கோ போயிருக்கிறது.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"லீவுல உங்களுக்கெல்லாம் சோர்வு வரும்னு தெரியும். திரும்பி வந்து சாப்பிட்டா சரியாயிடும்னு விட்டுட்டேன். நிர்வாகத்துக்கு அதுல வருத்தம் இல்ல." பெனிட்டா நிமிர்ந்து பார்த்தார். "நான் உங்கள எப்படியாவது சாப்பிட வைக்கணும்னு மட்டும்தான் நெனச்சேன் அமுலு. எதைக் கொடுத்தாலும் அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டு நீங்க மயங்கி விழுந்தீங்க. அதனாலதான் பூட்டுப் போட்டேன். வாசல் வைக்கச் சொன்னதும் நான்தான்."

"வூட்டுல புள்ள மண்ணத் துன்னும்போது நான் மட்டும் எப்டி மேடம் உருண்ட துன்றது?"

பொம்மி கண்ணைத் திறந்து, சுவரில் இருந்த காய்கறிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனம் ஒரு உருண்ட குடுத்துட்டா?" என்றாள் அமுலு மறுபடியும்.

"குடுக்கலாம். ஆயுசு பூரா குடுக்கணும். நீங்க இங்க வேலை பார்க்கிற வரைக்கும் உங்க மூலமா கிடைக்கும். அப்புறம் அவளே இங்க வேலைக்கு வரணும். என்னிக்காவது இந்த ஆலையை மூடிட்டா?"

அமுலு குழந்தையின் பாதத்தைப் பார்த்தாள். தையல் மேசைக்குக் கீழே, மிதிகட்டையின் மேல் அந்தப் பாதம் இருப்பதாக நினைத்துப் பார்த்தாள். உடனே மனதிலிருந்து அதை அழித்தாள்.

"விடைநீரக் குடுத்துடுங்க."

"பெரியவங்களுக்கான விடைநீரைக் குடுத்தா இவ வயிறு தாங்காது." பெனிட்டா எழுந்து அலமாரியைத் திறந்தார், ஒரு சீசாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆனா இதை நீர்க்க வெச்சு, இவ எடைக்குத் தகுந்த மாதிரி நானே தயார் பண்ண முடியும். நிர்வாகத்தைக் கேக்கப் போறதில்ல. இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன். ரெண்டு மூணு நாள் இங்கேயே என் கண் முன்னாடி இருக்கட்டும். பொழைச்சுக்குவா."

அமுலுவுக்கு முதலில் அந்தக் கடைசி வார்த்தை காதில் விழவில்லை. விழுந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழாதீங்க. முதல்ல ஒரு விஷயம் எனக்கு நிச்சயமா தெரியணும்." பெனிட்டா சீசாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "குழந்தைக்கு விடைநீர் ஒரு தடவைதான் குடுக்கலாம். ரெண்டாவது தடவை குடுத்தா குடல் புண்ணாயிடும். அதனால இவ குணமாகித் திரும்பிப் போற எடத்துல வேற யார்கிட்டயும் இந்தக் கிருமி இருக்கக் கூடாது. இருந்தா மறுபடியும் ஒட்டிக்கும். நீங்க இனிமே உங்க எச்சில் படாம பாத்துக்கலாம், அது உங்க கையில இருக்கு. மத்தவங்க? அந்த உருண்டையை வேற யாருக்காவது குடுத்தீங்களா? வீட்டுக்காரருக்கு?"

"அவுரு மாசத்துல பாதி நாளு வெளியூரு. அவுருக்கு இனிப்பே ஆகாது."

"தில்ஷாத் மாதிரி உங்க பஸ்ல வர்றவங்க? அவங்க வீட்டுக் குழந்தைங்க?"

"அவங்க குடுத்தத அவங்கதான் சொல்லணும் மேடம். அவ பொண்ணு இருக்கறது மேலத் தெருவு. எங்க தெருவுலேர்ந்து இங்க வேலைக்கு வர்றது நான் ஒருத்திதான். என் உருண்ட இவளத் தவிர யாரு வாய்க்கும் போனதில்ல." அமுலு சத்தியம் செய்வதுபோலக் குழந்தையின் தலையில் கை வைத்தாள். "பாத்துட்டாங்கன்னா எல்லா புள்ளைங்களும் கேக்கும், கம்பெனி வரைக்கும் சேதி போயிடும்னு கதவச் சாத்தி, தாப்பாப் போட்டுத்தான் கையில குடுப்பேன். ஒருநாளும் தவறினதில்ல."

பெனிட்டா தலையசைத்தார். மூடியைத் திறந்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராய் சீசாவை மேசை மேல் வைத்துவிட்டுப் படுக்கைக்கு அருகில் முழங்காலிட்டுக் குனிந்தார்.

"பொம்மி, அம்மா குடுக்கிற உருண்டைய நீயேதான் முழுசா சாப்பிட்டியா, செல்லம்?"

பொம்மி அம்மாவைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசித்தாள். தனியாகத் தின்றதற்காகத் திட்டப் போகிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். மெல்லிய குரலில் அவசரமாகச் சொன்னாள்:

"நான் தனியா துன்னலம்மா. நீ குளிக்கப் போனதும் எடுத்துகினு போயி, தெருவுல எல்லாருக்கும் காக்கா கடி கடிச்சித்தான் குட்த்தேன். பாவாடையில மூடிகினுதாம்மா கடிச்சேன், எச்சியே படல."